பதினாறாம் பக்கம் வரை

நான் மடித்துக்கொண்டே பேசுகிறேன் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை சும்மா இருந்தால் எனக்குப் பேச்சு வராது. யாராவது எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் வாயும் அதன் பின்னாலேயே போகும். பாயைக் காற்றாடிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லை, அந்தப் பக்கம் வேண்டாம். கொல்லைக் கதவுப் பக்கம் வெக்கை அடிக்கும்.

இதைத்தான் பாரம் என்போம். இவ்வளவு பெரிய தாள், இரண்டு பக்கமும் அச்சடித்து வரும். ஒரு பாரத்தில் புத்தகத்தின் பதினாறு பக்கம். இதோ பாருங்கள், முதல் பக்கத்தை ஒட்டியே பதினாறாம் பக்கம் இருக்கிறது. எட்டும் ஒன்பதும் தலைகீழாக நிற்கிறது. மூன்று தடவை மடித்து, இந்த மூங்கில் பட்டையால் அழுத்தி இழுத்தால்தான் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்குக்கு வரும். திங்கட்கிழமை பைண்டிங் ஆபீஸ் வண்டி கட்டை இறக்கிவிட்டுப் போகும். வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற நாள் எல்லாம் எனக்குப் படிக்கிற நாள்.

மிருதுளாதானே? வந்ததும் அவளைத்தான் கேட்டீர்கள். இருக்கிறாள் அக்கா, அவள் அப்பாவோடு பின்னால் தகர செட்டில் இருக்கிறாள். பரீட்சை லீவு விட்டுவிட்டார்கள் இல்லையா. ஒரு கட்டு முடிந்ததும் வந்துவிடுவாள். நடுவில் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது.

என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்ல, எங்கள் பக்கம் வேறென்ன வேலை. பட்டாசு வேலைதான். குழாய்க்குள் மருந்து அடைப்பது, திரி வைப்பது. ஆள் வந்து மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், முடித்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். முன்பு காட்டுக்குள் ஒரு கொட்டகையில் நடந்தது. அங்கே அதிகாரிகள் வந்துபோக ஆரம்பித்ததும் மிருதுளா அப்பா இங்கே கொண்டுவந்துவிட்டார். ஆடு கட்டிய தகர செட் சும்மாதானே கிடந்தது. இதையெல்லாம் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நாம் புத்தகத்தைப் பேசலாம். அதற்குத்தானே மதுரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் வீட்டைத் தேடி வருவார் என்று நான் கனவுகூடக் கண்டதில்லை. ஹேமலதா, ஆசிரியர் என்று கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி போட்ட வயசானவர் என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் என்னைவிடப் பத்து வயசுதான் மூப்பு இருப்பீர்கள் போல.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி வந்த புதிதில் டைரியும் காலண்டரும்தான் மடித்தேன். டைரியில் படிக்க என்ன இருக்கிறது, ராகு காலம், எமகண்டம். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் பிள்ளைகள் படப் புத்தகம் வர ஆரம்பித்தது. முதல் கட்டைப் பிரித்ததும் பயந்துவிட்டேன். ஒரு பக்கம் முழுக்க ஒரே மீன். அதன் கண் மட்டும் என் உள்ளங்கை அகலம். அன்றைக்குச் சாயங்காலம் வரை நான் ஒரு தாள்கூட மடிக்கவில்லை. மிருதுளா அப்பா வந்து பார்த்துவிட்டு, “மீனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே, கொழம்பு வைக்கப் போறியா?” என்றார். அவர் அப்படித்தான், கேலி பேசுவார். கெட்டவர் இல்லை.

மை ஈஷிய தாள், மடிப்பில் கிழிந்த தாள் என்று கழிவில் போவது கட்டுக்கு இரண்டு மூன்று இருக்கும். அதில் ஒன்றை நான் எடுத்துக்கொள்வேன். வண்டிக்காரருக்கும் தெரியும். மடித்து, ஊசி நூலால் முதுகில் தைத்து மிருதுளாவுக்குக் கொடுப்பேன். அவளுக்குப் படித்துக்காட்ட ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மாதிரி என்று எனக்கு விளங்கியது. பல் விளக்கு, பெரியவர் பேச்சைக் கேள் என்று வருகிற புத்தகத்தை மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிடுவாள். “இது டீச்சர் புக்கும்மா, லீவுல எதுக்கு?” என்பாள். சிலதில் படத்தில் மழை கொட்டுகிறது, கீழே “மழை பெய்தது” என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்குக் கண் இல்லையா? மழை பெய்யும்போது அந்தப் பிள்ளைக்குக் குளிர்ந்ததா, பசித்ததா, அதை எழுதினால் என்ன? ஒரு புத்தகத்தில் யானை முதல் பக்கம் தொடங்கிப் பதினாறாம் பக்கம் வரை சிரித்துக்கொண்டே இருந்தது. மிருதுளா அதன் வாயைப் பென்சிலால் அழித்துவிட்டாள். ஏன்டி என்றேன். “வாய் வலிக்கும்ல” என்றாள்.

இதையெல்லாம் சனிக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச வராது, பிள்ளைகளிடம் வரும். எங்கள் ஊர் நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்துசேர வருடக் கணக்காகும். ஜெயசீலி மேடம், நூலகர், பீரோவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“சங்கரேஸ்வரி, இந்த புக் இன்னும் கடைக்கே வரலையேம்மா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

“மடிச்சேன் மேடம்.”

“மடிச்சியா?” அப்படிச் சிரித்தார். “நாங்க எல்லாம் வாங்கிப் படிக்கிறோம். நீ மடிச்சுப் படிக்கிற. இத அப்படியே ஒரு தாள்ல எழுதிக் குடு.”

நான் எழுதிக் கொடுத்ததை அவர்தான் பிழை பார்த்து உங்களுக்கு அனுப்பினார். அதுதான் அந்த மீன் புத்தக விமர்சனம். என் பெயர் அச்சில் வந்த அன்றைக்கு இதழைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அரிசிப் பானைக்குள் வைத்தேன். மிருதுளாவுக்கு மட்டும் காட்டினேன். “இது நீயாம்மா?” என்று பெயரைத் தடவிப் பார்த்தாள்.

ஒரு விஷயம் இருக்கிறது அக்கா, இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ஜெயசீலி மேடத்துக்குக்கூடத் தெரியாது. படப் புத்தகம் என்றால் முப்பத்திரண்டு பக்கம். அதாவது இரண்டு பாரம். முதல் பாரம்தான் எனக்கு வரும். இரண்டாவது பாரம் பக்கத்து ஊரில் இன்னொருத்தி வீட்டுக்குப் போகும். எனக்குக் கதையின் தலை, அவளுக்கு வால். அவள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் பாவம், எல்லாக் கதையும் நடுவிலேயே தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

விமர்சனம் என்றால் கதையைக் கடைசி வரை சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துவிட்டேன். கடைசியைச் சொல்லக் கூடாது என்பதே நீங்கள் இப்போது சொல்லித்தான் தெரிகிறது. பதினாறாம் பக்கத்துக்கு மேல் எனக்குத் தெரியாதே. அதனால் நானே யோசித்து எழுதினேன். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், மடிக்க மடிக்க, அடுத்தது என்ன என்று தானாக வரும். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான் எழுதியது வந்த ஐந்து இதழையும் நீங்கள் பாயில் வரிசையாகப் பரப்பிவைத்துக் காட்டியபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மீனோடு பேசுகிற பையன் குளத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறான். கடல் பார்க்கப் பஸ் ஏறிய பிள்ளை இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பட்டம் துரத்திய பையன் மலைக்கு அந்தப் பக்கம் போனவன் போனவன்தான். மேகத்தின் பின்னால் போன ஆட்டுக்குட்டி. கிணற்றுக்குள் இறங்கிய பிள்ளை. “ஒண்ணுகூட வீட்டுக்குத் திரும்பலையே சங்கரேஸ்வரி” என்றீர்கள். எண்ணிப் பார்த்தேன், ஆமாம், ஒன்றுகூட இல்லை. ஆனால் நிஜப் புத்தகம் ஐந்திலும் பிள்ளைகள் திரும்பி வந்துவிடுகிறார்களாமே.

எனக்கு ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை அக்கா. சின்ன வயசில் நடந்தது ஏதாவது மனசில் இருக்கிறதா என்று கேட்டீர்கள். அப்படி எல்லாம் ஒன்றும் இல்லை. ஆறாம் வகுப்போடு நின்றபிறகு பட்டாசுக் கொட்டகைக்குக் குழாய் உருட்டப் போனேன். என் சித்தி மகள் பொன்னுத்தாயும் என்கூட வந்தாள். ஒருநாள் எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். அவளும் வந்துவிட்டாள். “தூக்குவாளிய வச்சிட்டு வந்துட்டேன், அம்மா அடிக்கும்” என்று திரும்பப் போனாள். அவ்வளவுதான். அது பதினைந்து வருடத்துக்கு முன்னால். அதற்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? அதில் மீனும் இல்லை, மேகமும் இல்லை.

தண்ணீர் குடியுங்கள். பானைத் தண்ணீர்தான், குளிர்ச்சியாக இருக்கும். வாசலையே பார்க்கிறீர்களே, வெயிலில் யார் வரப்போகிறார்கள். பக்கத்து வீடும் பூட்டித்தான் கிடக்கிறது. முனீஸ்வரி அக்கா குடும்பம் போன மாதம் அவர்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெயிண்ட் அடிக்கப் போகிறோம், அதுவரைக்கும் அங்கே இருக்கிறோம் என்றார்கள். இன்னும் பெயிண்ட் அடிக்க ஆள் வரவில்லை. எதிர் வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். லீவு இல்லையா, எல்லாரும் ஊருக்குப் போகிறார்கள். மிருதுளாவுக்குத்தான் விளையாட ஆள் இல்லை. அதனால்தான் அப்பாகூடப் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

நான் அனுப்பவில்லை அக்கா. அவளாகத்தான் போனாள். சின்ன விரல், திரியை எடுத்து நூல் சுற்றிக் கட்டாகப் போட வாகாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். அவர் பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்கிறார். உள்ளே போகும்போது அவள் கொலுசைக்கூடக் கழற்றி வாங்கிவிடுவார். அதோ ஆணியில் தொங்குகிறது பாருங்கள். இரும்பு உரசக் கூடாது, உள்ளே சத்தமாக ஓடக் கூடாது, செல்போன் கூடாது. கொலுசு போட்டிருந்தால் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியாது. அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

செட்டுக்கு எத்தனை வாசலா? ஒரே வாசல்தான். ஆட்டுக்கு எதற்கு இரண்டு வாசல்?

அந்தக் கிணற்றுப் புத்தகம்தான் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம். நல்ல புத்தகம், நான் மடித்ததிலேயே அதுதான் நல்ல புத்தகம். நிலா கிணற்றில் விழுந்துவிடுகிறது. ஒரு பிள்ளை அதை எடுத்துவர இறங்குகிறாள். படி இறங்க இறங்கப் பக்கம் இருட்டிக்கொண்டே வரும். பதினாலாம் பக்கத்தில் எழுத்தே இல்லை. பதினாறாம் பக்கத்தில் அவள் கையை நீட்டி நிலாவைத் தொடுகிறாள். இரண்டு கையும் முழங்கை வரை வெள்ளி. அவ்வளவுதான், எனக்கு வந்தது அதோடு முடிந்தது.

மிருதுளா அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் வாசல் வெளிச்சத்தில் நின்று தன் கையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “அம்மா, எனக்கும்!” அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. செட்டில் இருக்கிற அலுமினியப் பவுடர் அப்படி மின்னும். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கூடக் கேட்டார்களாம். எனக்கு அந்த நிமிடம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? புத்தகத்தில் இருக்கிற பிள்ளை என் பிள்ளை மாதிரி இருக்கிறாள். எந்தப் புத்தகத்திலும் எங்களை மாதிரி யாரும் இருந்ததில்லை. எல்லா வீட்டிலும் ஜன்னலுக்குத் திரை தொங்கும், அம்மா மேஜையில் கேக் வைப்பாள். இதில்தான் ஒரு பிள்ளையின் கை என் பிள்ளை கையாக இருந்தது. அதை அப்படியே எழுதினேன். “என் மகளின் கைகளும் இதே வெள்ளி. அப்பாவுக்கு உதவி செய்தால் வருகிற வெள்ளி.” நீங்களும் போட்டீர்கள்.

போடும்போது உங்களுக்குப் புரியவில்லை என்று சொன்னீர்கள். கவிதை மாதிரி எழுதியிருக்கிறாள் என்று நினைத்தேன் என்றீர்கள். நான் எங்கே அக்கா கவிதை எழுத, இருக்கிறதைத்தானே எழுதினேன். பிறகு அந்தப் படம் வரைந்தவர் உங்களுக்கு போன் பண்ணி, என் புத்தகத்தில் பிள்ளை கிணற்றிலிருந்து மேலே வந்துவிடுகிறாளே, இந்த அம்மா ஏன் அவளை உள்ளேயே விட்டுவிட்டார் என்று கேட்டாராம். அப்போதுதான் நீங்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் படித்தீர்களாம். படம் வரைந்தவர் நான் எழுதியதைப் படித்திருக்கிறார்! அதுவே எனக்குப் போதும்.

ஆனால் இங்கே வேறு மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் யாரோ அதைச் சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள். வேலை கொடுக்கிற பால்பாண்டி அண்ணாச்சி காதில் விழுந்துவிட்டது. வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னார்.

“தம்பி, ஒன் வீட்டம்மா ஊருக்கே தண்டோரா போட்டுட்டாகளே. அட்ரசும் சேத்துப் போட்டிருந்தா ஆபீசர் மாரு நேரா வந்திருப்பாக.”

மிருதுளா அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. “என்னத்த எழுதித் தொலச்ச புள்ள?” என்று கேட்டார். நான் இதழை எடுத்துவந்து வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளி என்கிற இடம் வந்ததும் கையை நீட்டித் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இடது கையில் இரண்டு விரல் ஒட்டிப்போய் இருக்கும், அது பழைய காயம்.

“நல்லாத்தான் எழுதியிருக்க” என்றார். கையை மடக்கிக்கொண்டு, “இனிமே எழுதாத” என்றார்.

“புத்தகத்தப் பத்தி மட்டும் எழுதுறேங்க.”

“நீ மீனப் பத்தி எழுதுனாலும் நம்ம வீட்டப் பத்தித்தான் எழுதுவ. இந்தச் சித்திரை முடியட்டும். அப்புறம் இந்த வேலையே வேண்டாம், விட்டுர்றேன்.”

போன சித்திரைக்கும் அப்படித்தான் சொன்னார். ஆனால் இந்தத் தடவை அப்போது சொன்ன மாதிரி சொல்லவில்லை, மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் அண்ணாச்சி சரக்கை இரண்டு மடங்காக இறக்கிவிட்டுப் போனார். சீக்கிரம் முடித்து இடத்தைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்த வேகாத வெயிலிலும் உள்ளே இருக்கிறார்கள். இல்லாவிட்டால் பத்து மணிக்கு மேல் அவர் யாரையும் உள்ளே விட மாட்டார்.

கூப்பிடுகிறேன் அக்கா, கூப்பிடாமல் என்ன. மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். இந்த அடுக்கு முடியட்டும், இன்னும் இவ்வளவுதான். நீங்கள் எழுந்துகொள்ளாதீர்கள். புது ஆளைப் பார்த்தால் அவர் பதறிவிடுவார், உள்ளே பதறக் கூடாது.

நீங்கள் கொண்டுவந்த கிணற்றுப் புத்தகத்தை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. முழுப் புத்தகமாக, அட்டை போட்டு, கையில் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. இருங்கள், கையைத் துடைத்துக்கொள்கிறேன். இதோ, பதினேழு. இங்கேதான் எனக்குத் தெரியாதது தொடங்குகிறது. நிலாவைத் துணியில் முடிந்துகொள்கிறாள். ஏறுகிறாள். படி வெளுத்துக்கொண்டே வருகிறது. நன்றாக இருக்கிறது. இதோ கடைசிப் பக்கம், மேலே வந்துவிட்டாள். அம்மா துண்டோடு நிற்கிறாள், துவட்டிவிட.

சொல்லலாமா? விமர்சனம்தானே, மனசில் பட்டதைச் சொல்லலாம்தானே? படம் நன்றாக இருக்கிறது. இந்த அம்மாவைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கதை முழுக்க இவள் எங்கே இருந்தாள்? பிள்ளை இறங்கினது இவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெரியாமல் எப்படித் துண்டு எடுத்துவந்து நிற்பாள்? தெரிந்தும் மேலேயே நின்றிருக்கிறாள். கிணற்றுக்குள் இருட்டு என்று தெரியாதா? ஒரு குரல் கொடுத்திருக்கலாம், பாதிப் படியாவது இறங்கியிருக்கலாம். எந்த அம்மா இப்படித் துண்டை மடித்துக்கொண்டு நிற்பாள்? வரைந்தவரிடம் சொல்லுங்கள், மரியாதையாகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ளப் போகிறார்.

ஏன் அக்கா என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? தப்பாகச் சொல்லிவிட்டேனா?

சரி, என் நோட்டை எடுக்கிறேன். இதைக் காட்டத்தான் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இது நானே எழுதுகிற படப் புத்தகம். படம் மிருதுளா போட்டது. வானத்தில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு அப்பா நட்சத்திரம் செய்கிறார். ஒரு பிள்ளை நட்சத்திரத்துக்கு எல்லாம் வால் கட்டுகிறாள். வீட்டுக்கு ஒரே கதவு. வெளியே அவள் அம்மா மேகத்தை மடித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் வேலை முடிவதே இல்லை. பதினாறு பக்கம் எழுதிவிட்டேன். அதற்கு மேல் வெறும் தாள். எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. பழகிப்போய்விட்டது போல, பதினாறோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கதையை ஜெயசீலி மேடம் போனிலிருந்து உங்களுக்குச் சொன்னேனே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், நான் மறக்கவில்லை. “அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரட்டும், நான் புத்தகமாப் போடுறேன்” என்றீர்கள். அதற்காகவே ஒரு மாதமாக யோசிக்கிறேன். அவளை எப்படி வெளியே கொண்டுவருவது? அவளாக வர மாட்டாள், அவளுக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அப்பா அனுப்ப மாட்டார், வால் இல்லாமல் நட்சத்திரம் போகாது. அப்படியானால் யார் இருக்கிறார்கள்? கதையில் மூன்று பேர்தான்.

என்ன சொன்னீர்கள்? அம்மா இருக்கிறாளே என்றா?

அம்மா மேகம் மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் எழுந்தால் அடுக்கு சரிந்துவிடும். வியாழக்கிழமை வண்டி வந்துவிடும். அதாவது, கதையில் வண்டி இல்லை. ஆனால்.

ஆமாம். சரியட்டுமே. சரிந்தால் மறுபடி மடித்துக்கொள்ளலாம். இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், ஒரு மாதமாக அவளை உட்காரவைத்தே யோசித்திருக்கிறேன். பதினேழாம் பக்கத்தில் அம்மா எழுந்திருக்கிறாள். அவ்வளவுதான். எழுத்தே வேண்டாம். ஒரு அம்மா கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறாள், பக்கம் முழுக்க அவள் மட்டும், அந்த மீன் இருந்த மாதிரி. பதினெட்டில் நடக்கிறாள். பத்தொன்பதில் கதவு. பயமாக இருக்கிறது அவளுக்கு, அப்பா திட்டுவார், உள்ளே பதறக் கூடாது, அதனால் தட்டாமல் மெதுவாகத் திறந்து, உள்ளே கையை நீட்டி, “வாடி, போதும்” என்று

“சங்கரி! ஏ சங்கரி! மண்ணு வாளி! மண்ணு வாளியத் தூக்கிட்டு ஓடியா!”

இதோ, இதோ வர்றேங்க! ஒன்றுமில்லை அக்கா, அவர்தான், வெயில் நேரத்தில் எப்போதாவது லேசாகப் புகையும், மண்ணைப் போட்டால் அடங்கிவிடும். நீங்கள் வராதீர்கள். அக்கா, சொன்னால் கேளுங்கள், நீங்கள் வாசல் பக்கம் போய் நில்லுங்கள், தெருவுக்குப் போய்விடுங்கள். அவள் ஏன் சத்தம் கொடுக்கவில்லை? மிருதுளா! ஏ மிருதுளா! நான் போய் அவளைக் கையோடு